ஆப்ல பண்ணா பூலிங், ஆட்டோல பண்ணா குத்தமா?

போன ஞாயித்துக்கிழமை சென்னை நண்பர் ஒருத்தர் குடவோலைக் கல்வெட்டு பார்க்க உத்திரமேரூர் வந்திருந்தார். எதிர்ல ஒரு ஷேர் ஆட்டோ. பின்னாடி அஞ்சு பேர், டிரைவர் பக்கத்துல ரெண்டு பேர், காலடியில கீரைக் கூடை. "இப்படி அடைச்சுக்கிட்டு போறாங்களே, யாரும் கேக்க மாட்டாங்களா?"ன்னார்.

கேக்கறாங்க சார், நல்லாவே கேக்கறாங்க. போன மாசம் நான் கத்திரிக்காய் மூட்டையோட போன ஆட்டோவை வழியில நிறுத்தி அபராதம் போட்டாங்க. மார்க்கெட் போய்ச் சேர்றதுக்குள்ள வியாபாரம் முடிஞ்சு, காய் பாதி விலைக்குப் போச்சு. அந்த டிரைவர் தம்பி நாலு நாள் வண்டியே எடுக்கல. பள்ளிக்கூடப் பிள்ளைங்க நடந்து போச்சுங்க.

மூணு பேர் போற ஆட்டோவுல ஏழு பேரை ஏத்துறது ஆபத்துதான். அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா மூணு பேரோட போனாலும் சட்டம் விடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ஆட்டோ ஒரு ஒப்பந்த வண்டி. முன்கூட்டியே பேசி ஏறினவங்களைத்தான் கொண்டுபோய் விடணும். வழியில கை காட்டுற புது ஆளை ஏத்தக் கூடாது. கிராமத்துல எல்லாருமே வழியில நின்னு கை காட்டுறவங்கதான்!

நகரத்துக்கு மட்டும் வேற நியாயம். 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்ல, மாநில அரசு தடுக்காத வரை, சொந்தக் கார்லயே ஆப் மூலமா ஆள் சேர்த்துப் போகலாம்னு இருந்துச்சு. ஊருக்குள்ள ஒரு நாளைக்கு நாலு நடை, வெளியூருக்கு வாரத்துக்கு ரெண்டு. ஒரே திசையில போறவங்க ஒரே வண்டியில போறதுதானே அது? எங்க ஊர்ப் புளியமரத்தடியில ஆப் இல்லாமலே அது நடக்குது.

பஸ்ல போகலாமேன்னு கேப்பீங்க. 1997-ல மினி பஸ் வந்தது, 2025-ல புதுத் திட்டம் வந்தது. 2021-லேர்ந்து பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். எல்லாம் நல்லதுதான். ஆனா பஸ் வந்தாத்தானே இலவசமா ஏற முடியும்?

நான் கேக்கறது இதுதான். ஷேர் ஆட்டோவுக்கும் வேனுக்கும் தடம் குறிச்சு, கட்டணம் குறிச்சு, வழியில ஆள் ஏத்த பர்மிட் குடுங்க. சீட்டுக்கு மேல ஏத்தினா அப்புறம் தாராளமா அபராதம் போடுங்க. வழியையே காட்டாம தண்டம் மட்டும் கேட்டா, அது எங்க வயித்துல அடிக்கிற வேலை.