‘அதிசயம்’ பார்க்கப் போகிறீர்களா?

லீவு விட்டால் போதும், “பரவை அதிசயம் பூங்காவுக்குப் போகணும்” என்று பிள்ளைகள் நச்சரிப்பு! அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கே சுமார் 50 கிலோமீட்டர். அதையும் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் போகணும். விடியற்காலையிலேயே கிளம்பி விடுங்கள்.

போன கோடையில் நான் செய்த தப்பைக் கேளுங்கள். பஸ்ஸில் ஒண்ணுக்கு வருதும்பானே என்று சின்னவனுக்குத் தண்ணீரே சரியாகக் கொடுக்கவில்லை. திருச்சுழி வெயிலில் வளர்ந்த பிள்ளைதானே, அதுவும் நாள் பூரா தண்ணீரில்தானே ஆடுகிறான் என்ற நினைப்பு வேறே! திரும்பும்போது என் மடியில் துவண்டு விட்டான். உதடெல்லாம் காய்ந்து போச்சு. அசதியில் தூங்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்ஸீட்டு அம்மாள் பார்த்துப் பதறி, வழியிலேயே இறக்கி டாக்டரிடம் ஓட வைத்தார். நல்ல வேளை, பிழைத்தான்.

இப்போது தாகம் எடுக்கிறதோ இல்லையோ, அடிக்கடி தண்ணீர் கொடுக்கிறேன். பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கட்டாயம். அது கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டருக்கு, தலை தட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடவே கூடாது.

சாப்பாட்டை உள்ளே விடுவார்களா என்று முன்னாடியே போன் போட்டுக் கேளுங்கள். காராச்சேவு வேண்டாம், தாகம் எடுக்கும். தயிர் சாதம் போதும்.