முகத்தின் இரு பாதிகள்

திருமணப் பேச்சு தொடங்கிய வீடுகளில் இக்காலத்தில் புதிய கவலையொன்று நுழைந்திருக்கின்றது. கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "ஒரு கண் சிறுத்திருக்கின்றதே, உதடு ஒருபுறம் இறங்கியிருக்கின்றதே" என்று மகளும் தாயும் வருந்துகின்றனர். அழகு சிகிச்சை செய்வது தகுமா எனப் பெற்றோர் சிலர் நம்மை வினவியுள்ளனர். ஆகவே இத்திங்கள் இதுபற்றிச் சிந்திப்போம்.

இரு பாதியும் முற்றிலும் ஒத்த முகம் எவருக்கும் இல்லை என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அன்றாடம் கண்ணாடியில் நாம் காண்பது இடம் வலமாக மாறிய உருவம். நிழற்படமோ பிறர் காணும் முகத்தைக் காட்டுகின்றது. பழகாத காரணத்தால் அது நமக்குக் கோணலாகத் தோன்றுகின்றது. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மூவர், பெண்களிடம் அவர்களுடைய படத்தை நேராகவும் இடம் வலம் மாற்றியும் காட்டினர். அவர்களுள் பெரும்பாலோர் மாற்றிய படத்தை விரும்ப, தோழியரோ நேர்ப்படத்தையே விரும்பினர். மேலும், ஓரடித் தொலைவில் எடுக்கும் படம், ஐந்தடித் தொலைவில் எடுப்பதைவிட மூக்கை ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகக் காட்டும் என 2018-இல் கணக்கிட்டுள்ளனர். கைப்பேசிப் படத்தை நம்பி மருத்துவரை நாடுதல் அறிவுடைமையன்று.

ஆயினும் அலட்சியம் செய்யலாகாத கோணலும் உண்டு. திடீரென வாய் ஒருபுறம் இழுத்துக்கொண்டால், அது மூளையைத் தாக்கும் பக்கவாதமாக இருக்கலாம். முக நரம்பு மட்டும் தளரும் முகவாதமாகவும் இருக்கலாம். வேறுபடுத்தி அறிவது மருத்துவரின் வேலை. கைவைத்தியம் பார்த்துக் காத்திராமல் உடனே 108 வண்டியை அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். முகவாதத்துக்கும் மூன்று நாள்களுக்குள் மருந்து தொடங்குவது நலம். அதில் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

கைக்குழந்தை எப்போதும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்தால் தொடக்க மாதங்களிலேயே காட்டுங்கள். எளிய பயிற்சிகளே பெரும்பாலும் போதும். பிளவுபட்ட உதட்டையும், ஒருபக்கமாக வளரும் தாடையையும் சீர்செய்வது வீண் ஆடம்பரமன்று. உண்பதற்கும் பேசுவதற்கும் அது தேவையான மருத்துவம்.

இனி, சிறு வேறுபாட்டுக்காகச் செய்யும் அழகு சிகிச்சையைப் பார்ப்போம். தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியின் பயன் மூன்று, நான்கு மாதங்களே நீடிக்கும். பின்னர் மீண்டும் போட வேண்டும். கன்னத்தை நிரப்பும் ஃபில்லர் மருந்தும் காலப்போக்கில் கரையும். அது இரத்தக்குழாயினுள் புகுந்தால் தோல் அழுகலாம். அரிதாகக் கண்பார்வையும் போகும். தகுதி பெற்ற மருத்துவரன்றி, அழகு நிலையத்தாரிடம் முகத்தை ஒப்படைக்கலாகாது.

அழகை விரும்புதல் பாவமா? 1958 அக்டோபர் 4 அன்று, தாம் இறப்பதற்கு ஐந்து நாள் முன்னர், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அறுவை மருத்துவர்களிடம் இதுபற்றியே உரையாற்றினார். நோக்கம் நேரியதாகவும், உடல்நலத்துக்குப் பெருங்கேடு நேராததாகவும், காரணம் தக்கதாகவும் இருப்பின் அத்தகைய சிகிச்சை ஏற்கத்தக்கதே என்பது அவர் போதனை. இம்மூன்றையும் உங்கள் வீட்டில் வைத்து எடைபோடுங்கள். வயது வந்தவர் தாமே ஆய்ந்து, தம் சக்திக்குள் செய்துகொள்வது வேறு. மாப்பிள்ளை வீட்டாரின் ஒரு சொல்லுக்கு அஞ்சி, நகையை அடகு வைத்து மகளை ஊசிக்கு அனுப்புவது வேறு.

நாளெல்லாம் கண்ணாடி முன் நின்று, கோவிலுக்கும் விருந்துக்கும் வர மறுத்து அழும் பிள்ளைக்கு நோய் முகத்தில் அன்று, மனத்தில். அறுவை சிகிச்சை அதனை ஆற்றாது. மனநல மருத்துவரிடம் அன்போடு அழைத்துச் செல்லுங்கள்.

பெற்றோரே! "கோணவாய்" என்று வீட்டிலேயே விளையாட்டாக இட்ட பெயர் எத்தனை பிள்ளைகளின் நெஞ்சைக் குத்தியிருக்கின்றது! செலவில்லாமல் செய்யக்கூடிய முதற் சிகிச்சை ஒன்றுண்டு: அப்பெயரை இன்றே விட்டுவிடுங்கள்.