ஆலோசனைக் குழுவில் யார்?

கோல்ப் மைதானத்தை ஒட்டி வீடு கட்டி விற்கும் கம்பெனிகள் சில, விளம்பரத்தில் ஓர் ஆலோசனைக் குழுவையும் காட்டுகின்றன. பழைய ஆட்டக்காரர், ஓய்வு பெற்ற அதிகாரி, பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் என்று படங்கள் வரிசையாக இருக்கும். புல்லின் ரகம் பற்றி இவர்கள் நல்ல யோசனை சொல்லக்கூடும். சாவி கைக்கு வராவிட்டால் இவர்களைக் கேட்டுப் பயனில்லை. பொய் விளம்பரத்தை நம்பி நஷ்டப்பட்டவருக்கு ஈடு தர வேண்டியவர் கட்டி விற்பவரே என்கிறது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம்.

நொய்டாவின் விஷ் டவுன், கோல்ப் மைதானத்தோடு எழ வேண்டிய நகரம். 2017 ஆகஸ்டில் ஜேப்பீ இன்ப்ராடெக் மீது திவால் நடவடிக்கை தொடங்கியபோது சுமார் 20,000 பேர் வீட்டுக்குக் காத்திருந்தனர். ஒரு கையால் வாடகை, மறு கையால் பாங்குத் தவணை! வேறு கம்பெனி எடுத்து நடத்தும் திட்டத்துக்கு 2023 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. கடன் கொடுத்தோர் குழுவில் வீடு வாங்குவோருக்கு இடம் தந்ததும் 2018இல் வந்த திருத்தமே. அதாவது, கம்பெனி கவிழ்ந்த பிறகுதான் நாற்காலி.

அந்த நாற்காலியை முன்பே போட்டால் என்ன? பெரும்பாலான வீடுகள் பதிவான மூன்று மாதத்துக்குள் வாங்குவோர் சங்கம் அமைய 2016 சட்டமே வழி செய்கிறது. அச்சங்கத்தார் இருவரை ஆலோசனைக் குழுவில் அமர்த்தி, வசூலில் 70 சதவீதம் போட வேண்டிய தனிக் கணக்கை அவர்களுக்குக் காட்டும்படி மாநில அரசுகள் விதி செய்ய வேண்டும். அதுவரை, முன்பணத்தோடு போகும் நம்மவர்கள் குழுவின் படங்களைப் பார்க்குமுன் ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேட்கட்டும்.