பூங்காவும் பொழுதும்

நகரப் பூங்காக்களைப் பற்றி நம்மிடையே பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் அழகைப் பற்றியே பேசுகின்றனர். புற்றரை பசுமையாக இருக்கிறதா, பூமரங்கள் ஒழுங்காக நடப்பட்டுள்ளனவா, நீரூற்று இயங்குகிறதா என்பனவே அவர்களது அளவுகோல்கள். அங்கு வருவோர் எவர், எப்பொழுதில் வருகின்றனர், எதனை நாடி வருகின்றனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களை எழுப்பாது அமைக்கப்படும் பூங்கா வாகனத்திற் கடந்துசெல்வோரின் கண்ணுக்கு விருந்தாகலாம். நகர மக்களின் பொதுச்சொத்தாக ஆகமாட்டாது என்பதே எமது வாதம்.

பொழுதுக்கேற்ப மனித வாழ்வு வேறுபடும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்து நோக்கியது நமது இலக்கண மரபு. மதுரைக்காஞ்சி மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. பொழுது மாறும்போது இடமும் மாறுகிறது என்ற இவ்வுணர்வு இன்றைய நகர அமைப்பாளர் பலரிடம் இல்லாமை வருந்தத்தக்கது.

விக்டோரியா பூங்கா என முன்னர் வழங்கிய கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். கறுவாத்தோட்டத்தில், மாநகர மண்டபத்திற்கு எதிரே அது அமைந்துள்ளது. நூதனசாலையும் பொது நூலகமும் அதன் அயலில் உள்ளன. தேசிய வைத்தியசாலை நடைதூரத்தில் உள்ளது. விடியலில் அங்கு வருவோர் உடல்நலம் நாடி நடப்பவர்கள். இவர்கள் பெரும்பாலும் வசதியும் செல்வாக்கும் உடையவர்கள். இவர்களது தேவையை அதிகாரிகள் நன்கறிவர். ஆதலாற்றான் நடைபாதைகள் எங்கும் பெருகுகின்றன.

நண்பகலில் வருவோரின் நிலை வேறு. நோயாளரைப் பார்க்கும் நேரம் வரும்வரை காத்திருக்கும் வெளியூர் உறவினர், காலையிற் கையளித்த பத்திரம் மாலையிற் கிடைக்குமென அலைக்கழியும் ஏழைகள், சோற்றுப்பொதியை அவிழ்க்க இடந்தேடும் தொழிலாளர், தனித்திருந்து பேச வீட்டில் ஓரடி இடமும் இல்லாத இளங்காதலர் ஆகியோரே அப்பொழுதிற்கு உரியவர்கள். இவர்களை அங்கு ஈர்ப்பது நிழலும் வாங்கும், விலை கொடாது அமர்ந்திருக்கும் உரிமையுமே. ஆனால் காவலாளியின் விசில் ஒலிப்பதும் இவர்களை நோக்கியே. குடையொன்றின் கீழ் அமர்ந்திருக்கும் இருவரைக் கலாசாரத்தின் பெயரால் விரட்டுவோர், அக்குடையை விரிக்கவைத்த இடநெருக்கடியைப் பற்றி வாய்திறப்பதில்லை. நெருங்கிய குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்டோர்க்கு வழங்கப்பட்ட தொடர்மாடி வீடுகள் பல 400 முதல் 500 சதுர அடி வரையான பரப்பே உடையன. அங்கு மூன்று தலைமுறையினர் வாழ நேரும்போது பூங்காவே அவ்வீட்டின் முற்றமாகிறது.

மாலைப்பொழுதைப் பற்றி இன்னும் அழுத்திக் கூறவேண்டும். ஐரோப்பிய நகரங்களிற் கோடைகாலப் பகல் வேலை முடிந்த பின்னரும் பல மணிநேரம் நீடிக்கும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள கொழும்பிலோ ஆண்டு முழுவதும் மாலை 6 மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. ஐந்து மணிக்கு வேலைத்தலத்தை விட்டு வெளியேறும் ஒருவர்க்குப் பகலொளியில் எஞ்சுவது ஏறத்தாழ ஒரு மணிநேரமே. பேருந்து நெரிசல் அதனையும் விழுங்கிவிடும். ஆகவே பொழுதுபட்டதும் பூங்காவைப் பூட்டுக என்பது உழைப்போரை வெளியே நிறுத்துக என்பதற்கு ஒப்பாகும். கடற்காற்றும் கச்சானும் இறால் வடையும் பட்டங்களும் சாதாரண குடும்பங்களைக் காலிமுகத்திடலுக்கு அழைப்பதைக் காண்போர், மாலையின் பெறுமதியை உணர்வர். 1859 இல் நிறைவுற்ற அத்திடலின் நடைபாதையை, கொழும்பின் மாதர், சிறுவர் நலன்கருதிப் பேணுமாறு தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் தமக்குப் பின் வருவோரைக் கல்வெட்டிற் கேட்டுக்கொண்டார். அவர் கருதிய மாதர் எவ்வகுப்பினர் என்பது வேறு வினா. ஆயினும் இருட்டிய பின் ஒரு பெண் அச்சமின்றி அமரவியலாத இடம் எதுவாயினும், அது பாதி மக்களுக்கு மூடப்பட்ட இடமே.

இரவிலே திறந்துவிட்டால் ஒழுங்கீனம் பெருகும் என்பர் சிலர். உண்மை இதற்கு மாறானது. ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961 இல் வெளியிட்ட நூலில், வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு தேவையுடையோர் வந்துசெல்லும் பூங்காவே உயிர்ப்புடன் இருக்கும் என்பதையும், ஆளரவமற்ற பூங்காவே அச்சத்துக்கு இடமாகும் என்பதையும் விளக்கினார். நியூயோர்க்கின் பொதுவெளிகளை அவதானித்த வில்லியம் வைட் 1980 இல் முன்வைத்த முடிபு இன்னும் எளியது: அமர இடமுள்ள இடத்திலேயே மக்கள் அமர்வர், மக்களை மக்களே ஈர்ப்பர். சனத்திரளே சிறந்த காவல். சனத்தை அகற்றிவிட்டுக் காவலாளியை நிறுத்துவது மருந்தை எறிந்துவிட்டு நோய்க்குக் காவலிருப்பது போன்றதாகும்.

ஆகவே நாம் வேண்டுவன பெரியன அல்ல. நண்பகலுக்கு நிழல்மரங்களும் முதுகு சாயக்கூடிய வாங்குகளும் குடிநீரும் வேண்டும். மாலைக்கும் முன்னிரவுக்கும் விளக்கும் துப்புரவான மலசலகூடமும் வேண்டும். சிறுவியாபாரிகளைத் துரத்தாது முறைப்படுத்தல் வேண்டும். அமர்ந்திருப்போரின் உறவுமுறையை விசாரிக்கும் அதிகாரம் எந்தக் காவலாளிக்கும் இருத்தலாகாது. அலங்காரத்திற்குச் செலவிடப்படும் பணத்தின் ஒரு பகுதியே இவற்றுக்குப் போதும்.

விடியலில் நடப்பவரை நாம் வெறுக்கவில்லை. அவர்க்கும் பூங்கா உரியதே. ஆயின் அவர் வீடு திரும்பிய பின்னரும் பொழுதுகள் ஐந்து எஞ்சியுள்ளன. அப்பொழுதுகளுக்கு உரியோரையும் நகரத்தின் உரிமையாளராக ஏற்பதா, அல்லது அழகைக் கெடுக்கும் இடையூறாகக் கருதுவதா என்பதே இன்று நகரசபைகள் விடையிறுக்க வேண்டிய வினாவாகும்.