போகமாட்டேன் என்கிற காவற்காரன்

எங்கள் எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வசிக்கிறார். முப்பத்தைந்து வருஷ காலம் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் நடுங்க வைத்தவர். அப்பேர்ப்பட்டவர் சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில், முகம் வெளிறிப் போய், எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றார்.

"ஸார், ஒரு பத்து நிமிஷம் வர முடியுமா? என் கம்ப்யூட்டருக்கு இன்று ஏதோ ஆபத்து வரப் போகிறதாம்" என்றார்.

"யார் சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"அதுவேதான் சொல்லுகிறது!"

மேற்படி கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேத்தியின் படிப்புக்கென்று வாங்கியது. பிறகு தாத்தாவின் பென்ஷன் கணக்கும் அதற்குள் குடியேறிற்று. அதன்பின், அவர் நாலு வருஷமாக எழுதி வரும் ஊர்ச் சரித்திரத்தின் ஆறு அத்தியாயங்களும் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. யந்திரம் கடையிலிருந்து வந்தபோதே ஓர் ஆண்டிவைரஸும் கூடவே வந்திருந்தது. அவர் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. முதல் சில வாரங்கள் இலவசம். இலவச காலம் முடிந்ததும் அது தன் சுபாவத்தைக் காட்டத் தொடங்கியது. அரை மணிக்கு ஒரு தரம் சிவப்புக் கட்டம் ஒன்று எழும்பி, "உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை, உடனே பணம் கட்டுங்கள்" என்று மிரட்டும். திரையின் மூலையில் வேறொரு சிறு கட்டம், "ஐந்து வைரஸ்கள் புகுந்துவிட்டன, இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று டெலிபோன் நம்பரும் கொடுத்தது.

நான் போனபோது மேஜை மீது மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பாங்கி அட்டை தயாராக வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது.

"தாத்தா இதை எடுத்துவிடச் சொன்னார். நான் அது இருக்கிற போல்டரையே அழித்துப் பார்த்தேன், மாமா. அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது" என்றாள் பேத்தி.

"பார்த்தீர்களா ஸார்! என் பணம், என் வீடு, என் யந்திரம். எனக்கு அனுமதி இல்லையாம்!" என்றார் தலைமையாசிரியர். பழைய கர்ஜனை கொஞ்சம் திரும்பி வந்தது கண்டு எனக்குச் சந்தோஷமாயிருந்தது.

அவருடைய கோபம் நியாயமானதே. ஆனால் இந்தப் பிடிவாதத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. வீட்டுக்குள் புகுகிற திருடன் முதலில் நாயைத்தானே மயக்கப் பார்ப்பான்? வைரஸ் எழுதுகிறவர்களும் அப்படியே. 2008-ம் வருஷக் கடைசியில் உலகமெங்கும் பரவிய கான்பிக்கர் என்ற கிருமி, விண்டோஸின் காவல் ஏற்பாடுகளை நிறுத்தியதோடு, ஆண்டிவைரஸ் கம்பெனிகளின் வலைத் தளங்களுக்குப் போகும் வழியையும் அடைத்துவிட்டது. அதனால், யார் வந்து "எழுந்து போ" என்று சொன்னாலும் போகாதபடிதான் இந்தக் காவற்காரர்களைப் படைத்திருக்கிறார்கள். 2013-ல் வந்த விண்டோஸ் 8.1 முதற்கொண்டு, யந்திரத்தின் நிர்வாகி என்ற முழு அதிகாரமுள்ளவர்கூட நிறுத்த முடியாத தனிப் பாதுகாப்பு இவற்றுக்குக் கிடைத்திருக்கிறது. சொல்லுகிறவர் எஜமானரா, எஜமானர் வேஷம் போட்ட வைரஸா என்று அதற்குத் தெரியாது. ஆகையால் இருவரையும் ஒரே மாதிரி விரட்டுகிறது.

இன்னொன்று. மற்ற மென்பொருள்கள் கூடத்தில் உட்காருகிறவை. ஆண்டிவைரஸோ கர்ப்பக் கிருகம் வரையில் போய், விண்டோஸின் அடி மூலத்தில் இடம் பிடிக்கிறது. அங்கே உட்கார்ந்தவர் தடுமாறினால் கோயிலே ஆடும். 2010-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி, மெக்காபி கம்பெனி அனுப்பிய ஒரு புதுக் குறிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் அத்தியாவசியமான பைல் ஒன்றையே வைரஸ் என்று பிடித்துக் கொடுத்தது. அநேக யந்திரங்கள் ஓயாமல் நின்று நின்று எழுந்து கொண்டிருந்தன. 2024 ஜூலை 19-ந் தேதி, ஸ்தாபனங்களுக்குக் காவல் மென்பொருள் தரும் கிரவுட்ஸ்டிரைக்கின் பிழையால் சுமார் 85 லட்சம் யந்திரங்கள் படுத்துவிட்டதாக மைக்ரோஸாப்ட் கணக்கிட்டது. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரி வேலைகள் தடைப்பட்டன. இவ்வளவு ஆழத்தில் வேரோடியதைப் பேத்தி செய்தது போல் போல்டரை அழித்து எடுக்கப் பார்ப்பது, மரத்தின் இலையைப் பறித்து மரத்தைப் பிடுங்கப் பார்ப்பதாகும். அரையும் குறையுமாக அழிந்தால் இன்னும் மோசம். இண்டர்நெட்டே வராமல் போவதும் உண்டு.

சரி, எப்படித்தான் அனுப்புவது?

முதற் காரியமாக, ஆறு அத்தியாயங்களையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். தலைமையாசிரியர் அதை வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்தார். இரண்டாவது, அவர் ஏற்கனவே எப்போதாவது பணம் கட்டியிருக்கிறாரா என்று விசாரித்தேன். இது முக்கியம். மென்பொருளை நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. காவற்காரன் போன பிறகும் வருஷா வருஷம் சம்பளம் பாங்கியிலிருந்து போய்க் கொண்டேயிருக்கும். கம்பெனியின் தளத்தில் உள்ள நம் கணக்கில் நுழைந்து, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை முதலில் ரத்து செய்துவிட வேண்டும். நல்ல வேளையாக இவர் கட்டியிருக்கவில்லை.

அப்புறம் ராஜபாட்டையிலேயே போனோம். செட்டிங்ஸ், அதற்குள் ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்ட் ஆப்ஸ் என்ற ஜாபிதா. அதில் நம்முடைய பேர்வழியின் பெயருக்கு எதிரே இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, அன்இன்ஸ்டால் என்றேன். உடனே அழுகை ஆரம்பமாயிற்று. "நிச்சயமாகவா?" என்றது. "பாதி விலைக்குத் தருகிறேனே" என்றது. "இருக்கட்டும்" என்ற பொத்தான் பச்சை வர்ணத்தில் வாழையிலை அகலத்துக்கு இருந்தது. "போகட்டும்" என்பதோ வெளுத்த எழுத்தில் ஒரு மூலையில் ஒட்டிக் கொண்டிருந்தது. பேத்திதான் கண்டுபிடித்தாள். அதே ஜாபிதாவில், காவற்காரனுடைய உறவினர்களாக ஒரு தனி பிரௌசரும் வேறு சில துணைக் கருவிகளும் இருந்தன. அவற்றையும் ஒவ்வொன்றாக வழியனுப்பி, யந்திரத்தை ரீஸ்டார்ட் செய்தோம்.

பெரும்பாலோருக்கு விஷயம் இதோடு முடிந்துவிடும். எங்களுக்கு முடியவில்லை. விண்டோஸ் ஸெக்யூரிட்டி என்ற பக்கத்தைத் திறந்து பார்த்தால், போனவரே இன்னமும் பொறுப்பில் இருப்பதாக எழுதியிருந்தது. உத்தியோகத்தை விட்டுப் போனவர் சாவிக் கொத்தையும் எடுத்துக் கொண்டு போன கதைதான். விண்டோஸுக்குச் சொந்தமாக டிபெண்டர் என்ற காவல் இருக்கிறது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் அது முழு ஆண்டிவைரஸாகக் கூடவே வருகிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து பெயரைப் பதிந்து கொண்டால் டிபெண்டர் மரியாதையாக ஒதுங்கிவிடும். அவர் போனால் திரும்பி வரும். ஆனால் போனவருடைய பெயர் பதிவில் ஒட்டிக் கொண்டிருந்தால், டிபெண்டர் ஒதுங்கியே நிற்கும். அப்போது வீட்டில் ஒரு காவலும் இல்லை. முரட்டுத்தனமாக நீக்குவதிலுள்ள நிஜமான அபாயம் இதுதான்.

இதற்காகவே நார்ட்டன், மெக்காபி, அவாஸ்ட், காஸ்பர்ஸ்கி, இஸெட் முதலிய கம்பெனிகள் எல்லாம், தங்கள் மென்பொருளைத் தாங்களே வேரோடு களையும் கருவியையும் இனாமாகக் கொடுக்கின்றன. தாம் செய்த பூட்டுக்குத் தாமே உளி கொடுப்பது போல் இது இருந்தாலும், வாஸ்தவம். மெக்காபியின் கருவி கோணல்மாணலான சில எழுத்துக்களைக் காட்டி அப்படியே எழுதச் சொல்லிப் பரீட்சை வைப்பதுண்டு. அவாஸ்டின் கருவி, யந்திரத்தை ஸேப் மோடில் திறக்கலாமா என்று கேட்கும். ஒரு நிபந்தனை: அந்தக் கருவியை அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். பொதுவாகத் தேடினால் வழியில் நிற்கிற போலிகள் அநேகம்.

ஸேப் மோட் என்பது யந்திரம் பாதித் தூக்கத்தில் இருக்கும் நிலை. காவற்காரனும் அப்போது பெரும்பாலும் கண்ணயர்ந்திருப்பான். ஷிப்ட் விசையை அழுத்திக் கொண்டே ரீஸ்டார்ட் செய்தால், நீல நிறத்தில் ஒரு பக்கம் வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய், மறுபடி ரீஸ்டார்ட் செய்து, 4 என்ற எண்ணை அழுத்த வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இப்போது வரும் யந்திரங்கள் பலவற்றில் டிஸ்க் முழுதும் ரகசிய மொழியில் பூட்டப்பட்டிருக்கும். ஸேப் மோடுக்குப் போகும் வழியில், "48 இலக்கச் சாவியைச் சொல்" என்று அது கேட்கலாம். சாவி பெரும்பாலும் நமது மைக்ரோஸாப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் அதை முன்னதாகவே எழுதி வைத்துக் கொள்ளாவிட்டால் ஆறு அத்தியாயமும் பூட்டுக்குள்தான். நான் இலக்கங்களை வாசிக்க, தலைமையாசிரியர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, "சரி பார்க்கிறேன்" என்று இரண்டு தரம் திரும்ப ஒப்பித்தார். கடைசியில் யந்திரம் சாவியைக் கேட்கவே இல்லை. அவருக்குச் சற்று ஏமாற்றந்தான்.

பன்னிரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. டிபெண்டர் பச்சைக் குறியோடு பொறுப்பேற்றுக் கொண்டது. ஸாதாரணக் குடும்பத்துக்கு, விண்டோஸை அவ்வப்போது புதுப்பித்துக் கொண்டும், தெரியாதவர்கள் அனுப்பும் இணைப்புகளைத் திறக்காமலும் இருந்தால், இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். வேறொன்று வேண்டுமென்று நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் இரண்டை ஒரே சமயத்தில் வைக்க வேண்டாம். ஆபீஸ் கொடுத்த யந்திரமாயிருந்தால், ஆபீஸைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

இந்தப் போராட்டத்தில் நாம் தனியாக இல்லை. ஜான் மெக்காபி என்பவர் 1987-ல் தம் பெயரால் கம்பெனி ஆரம்பித்து, 1994-ல் அதை விட்டு விலகினார். பின்னால் இண்டெல் அந்தக் கம்பெனியை 768 கோடி டாலருக்கு வாங்கிற்று. பெயர் மட்டும் போகவில்லை. அவருக்கே பலர் எழுதி, "உம்முடைய மென்பொருளை எப்படி ஐயா எடுப்பது?" என்று கேட்டார்களாம். 2013-ல் அதைப் பற்றி ஒரு கேலிப் படம் எடுத்து வெளியிட்டார். வீட்டார் கூடியிருந்து பார்க்கத் தக்க படம் அன்று.

ஆனால் கம்பெனியே மனம் வைத்தால் காரியம் எவ்வளவு சுலபம் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் நடந்தது. 2024 ஜூன் மாதம் அந்நாட்டு அரசாங்கம், ருஷியாவைச் சேர்ந்த காஸ்பர்ஸ்கியின் விற்பனைக்குத் தடை விதித்தது. செப்டம்பர் 29-க்குப் பிறகு புதுக் குறிப்புகள் அனுப்புவதும் கூடாது என்றது. அந்தச் செப்டம்பரில் பலர் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, காஸ்பர்ஸ்கி மாயமாகி, அதனிடத்தில் அல்ட்ராஏவி என்ற அறியாத பெயர் உட்கார்ந்திருந்தது. அழுகை இல்லை, பச்சைப் பொத்தான் இல்லை, பரீட்சை இல்லை. வீட்டுக்காரர்கள் செய்தால் அரை நாள் பிடிக்கிற வேலை இது!

நிற்க. எதிர் வீட்டுக் கதை இன்னும் முடியவில்லை. நாங்கள் காபி குடித்துக் கொண்டிருக்கும்போதே, மூலையில் அந்தச் சிறு கட்டம் மறுபடி எழும்பிற்று: ஐந்து வைரஸ்கள், டெலிபோன் நம்பர்.

"போகவில்லையே, ஸார்!" என்று தலைமையாசிரியர் எழுந்தே விட்டார்.

உற்றுப் பார்த்தேன். அது ஆண்டிவைரஸின் வேலையே அன்று. பிரௌசரின் வழியாக வந்து கொண்டிருந்தது. ஏதோ ஒரு பாட்டுத் தளம், "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறது, பேத்தி "அல்லோ" என்று அழுத்தியிருக்கிறாள். அன்று முதல் அந்தத் தளம், காவல் கம்பெனியின் வேஷத்தில் கூவிக் கொண்டிருந்திருக்கிறது. குரோமின் செட்டிங்ஸில் ஸைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிபிகேஷன்ஸ் என்ற இடத்தில் அந்தத் தளத்தின் பெயரை நீக்கியதும் ஓய்ந்தது. அந்த நம்பருக்குப் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று விளக்கினேன். மறுமுனையிலுள்ளவர் மரியாதையாகப் பேசி, தூரத்திலிருந்தே யந்திரத்தை இயக்கும் ஒரு கருவியைப் போடச் சொல்லி, பாங்கிக் கணக்கைத் திறக்க வைத்திருப்பார். பிரபலமான ஆண்டிவைரஸ்களின் பெயரால், "உங்கள் சந்தா புதுப்பிக்கப்பட்டது, பணம் திரும்ப வேண்டுமானால் பேசுங்கள்" என்று வரும் பொய்க் கடிதங்களும் இதே ஜாதிதான். ஏமாந்தவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

தலைமையாசிரியர் ஒன்றும் பேசவில்லை. மேஜை மீதிருந்த பாங்கி அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டார். பேத்தி தலை குனிந்து நின்றாள். "நீ என்ன செய்வாய், குழந்தை! நான்கூடத்தான் அட்டையை எடுத்து வைத்தேன்" என்றார் சற்று நேரம் கழித்து.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். காவற்காரன் வெளியேறிய அந்த க்ஷணத்தில் பிரௌசரில் ஒரு பக்கம் திறந்து, "எங்களை ஏன் நீக்கினீர்கள்? தயவு செய்து காரணம் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தது. நான் மூடப் போனேன். "வேண்டாம் ஸார், கேட்ட கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்" என்று தடுத்து வைத்திருந்தார். நான் விடை பெற்றுக் கொண்டபோது, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு, ஒற்றை விரலால் இரண்டாவது பாராவை அடித்துக் கொண்டிருந்தார்.