இரவுகளை வெட்டிய காணொளி

குடுபல்லி வட்டாரத்தில் ஒரு மாணவர் கேழ்வரகு வயலோரம் கைபேசியை நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு படமாகப் பதினைந்து நாட்கள் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2,160 படங்கள் சேரும். நொடிக்கு 24 சட்டகங்கள் என்று கோத்தால் சரியாக ஒன்றரை நிமிடக் காணொளி. ஆனால் ஏறத்தாழப் பாதிப் படங்கள் இருட்டு. அவற்றை நீக்கினால் காணொளி நாற்பத்தைந்து நொடிக்குள் அடங்கும். கண்ணுக்கும் இதமாக இருக்கும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. இரவிலும் பயிர் வளர்கிறது. இருளை வெட்டிய காணொளியில் அந்த வளர்ச்சி மாலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையே ஒரு சிறு துள்ளலாக மட்டுமே எஞ்சும். அத்துள்ளலையும் மென்பொருள் கொண்டு வழுவழுப்பாக்கிவிட்டால், நடவாத ஒன்றை நடந்ததாகக் காட்டும் ஆவணம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெற்றுவிடும்.

டைம்-லாப்ஸ், ஸ்டாப் மோஷன் இரண்டும் நிழற்படங்களிலிருந்தே பிறப்பவை. வேறுபாடு படங்களுக்கு இடைப்பட்ட வெளியில் இருக்கிறது. ஸ்டாப் மோஷனில் அவ்வெளியில் கலைஞரின் கை நுழைந்து பொருளை நகர்த்துகிறது. டைம்-லாப்ஸில் உலகம் தானே நகர்கிறது. தாதாசாகேப் பால்கே இரண்டையும் அறிந்திருந்தார். 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவருவதற்கு முன்பே, பட்டாணிச் செடி முளைத்து வளர்வதைப் படமாக்கிக் காட்டிப் பொருளுதவி திரட்டினார். பின்னர் தீக்குச்சிகளை நகர்த்தியும் ஒரு படம் எடுத்தார். முதலாவதில் அவர் சாட்சி, இரண்டாவதில் கர்த்தா. இவ்விரு நிலைகளையும் குழப்பிக்கொள்வதே இன்றைய ஆய்வுக் காணொளிகளின் பெருங்குறை.

இலக்கணத்தின் வழியாகவும் இதைச் சொல்லலாம். தனிப்படம் 'வளர்ந்தது' என்கிறது. கோத்த படங்கள் 'வளர்ந்துகொண்டிருந்தது' என்கின்றன. இந்தக் 'கொண்டிரு' படங்களில் இல்லை. பார்ப்பவர் மனம் அதைச் சேர்த்துக்கொள்கிறது. மனம் சேர்ப்பதில் பிழையில்லை. மென்பொருள் இரு சட்டகங்களுக்கு நடுவே புதிய சட்டகங்களை ஊகித்துச் செருகும்போதோ அந்த ஊகம் தரவின் உடையை அணிந்துகொள்கிறது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் சேகரம் இங்கே நினைவுகூரத்தக்கது. 1899இல் தோன்றிய அந்நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் வானம் தெளிந்த நாட்களில் சூரியனைப் படமெடுத்து வந்தது. கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருளிலும் இருந்த அப்படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ணிமமாக்கியுள்ளது. நாளுக்கொரு படம் என்று கோத்தால், சூரியப் புள்ளிகள் பெருகித் தணியும் ஏறத்தாழப் பதினொரு ஆண்டுச் சுழற்சி முழுவதும் மூன்று நிமிடத்துக்குள் ஓடிவிடும். எடுத்தவர்களில் பலர் இத்தகைய ஓட்டத்தைக் கண்டதே இல்லை. நாள்தோறும் ஒரு தகடு, அதில் ஒரு தேதி, அவ்வளவே அவர்களின் பணி. மழைக்காலத்தில் மலையை மேகம் மூடிய நாட்களில் படம் இல்லை. அந்த இடைவெளிகளும் சேகரத்தின் பகுதிதான். புள்ளி ஒவ்வொரு நாளும் வட்டின் குறுக்கே ஏறத்தாழப் பதின்மூன்று பாகை நகர்வதால், இரண்டு நாள் விடுபட்டாலே ஓட்டத்தில் தாவல் தெரியும். அத்தாவலை மறைப்பவர் அழகைக் கூட்டலாம். வேகத்தை அளக்க வருபவருக்கோ துரோகம் செய்கிறார்.

காணொளியைச் சான்றாக வைக்கும் ஆய்வேடுகளில் மூன்று செய்திகளேனும் கட்டாயமாக வேண்டும்: படமெடுத்த இடைவெளி, நீக்கிய படங்களின் எண்ணிக்கை, செருகிய சட்டகங்கள் உண்டா என்பது. நேர முத்திரை அழியாத மூலப் படங்களும் நூலகத்தில் சேர வேண்டும். சேமிப்பிடம் போதாது என்று மறுமொழி வரும். 2,160 கைபேசிப் படங்கள் விரல் நீளப் பென் டிரைவ் ஒன்றில் அடங்கும். கொடைக்கானல்காரர்கள் கண்ணாடியையே நூறாண்டு காத்தார்கள். 'அப்படியானால் காணொளி வெட்டி வெட்டி ஓடுமே' என்பது அடுத்த மறுப்பு. ஓடட்டும். இரவு வந்த இடத்தில் ஒரு நொடி கறுப்புத் திரை நின்றால், அங்கே இரவு இருந்தது என்பதைப் பார்ப்பவர் அறிந்துகொள்வார்.