அளவுகோல் யார் கையில்?

சர்க்கார் திட்டம் ஒன்று வருகிறது. மந்திரி விளக்கேற்றுகிறார், ஒதுக்கிய தொகை கொட்டை எழுத்தில் அச்சாகிறது. ஆண்டு முடிந்ததும் "இத்தனை கோடி செலவழித்தோம்" என்று கணக்குக் காட்டுகிறார்கள். செலவான கணக்கு வேறு. பயன் சேர்ந்த கணக்கு வேறு. இந்த இரண்டாவது கணக்கை யார் எழுதுவது?

கேள்வி புதிதன்று. 1952 அக்டோபரில் சமுதாய நலத் திட்டம் தொடங்கியபோதே, அதை அளந்து பார்க்கத் திட்டக் கமிஷனின் கீழ் தனி மதிப்பீட்டு அமைப்பும் ஏற்பட்டது. நடத்துபவர் வேறு, அளப்பவர் வேறு என்பதே ஏற்பாடு. தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துபவன் தோற்பதுண்டோ? பயன் எல்லா ஊருக்கும் எல்லா மக்களுக்கும் ஒரே அளவில் சேரவில்லை என்று அந்த அமைப்பு ஒளிக்காமல் எழுதிற்று. ஆனால் அதைப் படித்தவர்கள் அதிகாரிகள். பயன் கிட்டாத ஏழை அல்ல.

1994-ல் ராஜஸ்தானத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் வேறு வழி கண்டது. பொதுவேலைகளின் கூலிப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியிருந்ததை ஊராரே எடுத்துச் சொன்னார்கள். 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டும் என்று விதித்தது.

இனி நம் பல்லடத்துக்கு வருவோம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் 2016-ல் வந்தது. 2023-ல் அது 1,000 யூனிட் ஆயிற்று. நல்ல காரியம், வரவேற்றோம். ஆனால் அந்தச் சலுகை எங்கே போய் நின்றது? தறி உரிமையாளரிடமா? தறி ஓட்டுபவர் கூலியில் ஒரு காசாவது ஏறிற்றா? "கரண்ட்தான் இலவசமாயிற்றே" என்று நெசவுக் கூலியை அமுக்கிய ஜவுளிக்காரர் பெட்டிக்கா? தீர்ப்புச் சொல்லவில்லை நாம். அளந்து பார் என்கிறோம்.

அளக்காவிட்டால் என்ன ஆகும்? 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23, பல்லடம் ரகத்துக்கு 20 சதவீதம் கூலி உயர்வு பேசி முடிவாயிற்று. அது கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. ஒப்பந்தத்தில் எண் இருந்தது. நிறைவேறியதா என்று மாதந்தோறும் பார்க்க ஆள் இல்லை!

ஆகவே நாம் கேட்பது இது. பணம் இறங்குமுன்பே இன்றைய கூலி, தறி ஓடும் நாள், கடன் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். பழைய அளவு இல்லாமல் வளர்ச்சியை எதோடு ஒப்பிடுவது? தறி உரிமையாளர், தறி ஓட்டுபவர், தார் சுற்றும் பெண் மூவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். முதலாளி பக்கத்தில் நிற்கையில் தொழிலாளி வாய் திறப்பாரா? வேலை மிகுந்த மாதத்திலும் மந்தமான மாதத்திலும் அளக்க வேண்டும். முடிவை ஊர் கூடிய இடத்தில் படித்து, குறை தீர்க்கத் தேதி குறிக்க வேண்டும். தேதியில்லாத வாக்குறுதி தண்ணீரில் எழுதிய எழுத்து.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. முழக்கம் அளவுகோல் ஆகாது. நமக்குச் சாதகமான விடையை மட்டும் பொறுக்கினால், நாமும் அதே தவறைச் செய்தவர்களாவோம். தறிக்குடோன்தோறும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: ஓடிய நாள், நெய்த மீட்டர், வாங்கிய கூலி. நாளை பேச்சுவார்த்தை மேஜையில் மைக்கைவிட அந்த நோட்டு உரக்கப் பேசும்!